கைச் சோபா சாப்பிடப் போகிறவர்கள் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜப்பானுக்குப் போய், கையால் பிசைந்து தேய்த்து கத்தியால் வெட்டிய சோபா நூடுல்ஸ் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் நல்ல கடை எது என்று தேடாதீர்கள். அந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்கு மாவு தீர்கிறது, எந்தக் கிழமை விடுமுறை என்று தேடுங்கள். இதை யாரும் அழுத்திச் சொல்லாததால் ஒரு முழு நாள் வீணாகும். டோக்கியோவிலிருந்து நாகானோ வரை புல்லட் ரயிலும் அங்கிருந்து மலைக்குப் பஸ்ஸும் போக வர 19,000 யென் அளவுக்குப் போய்விடும். நம் காசில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். அவ்வளவையும் கொடுத்துவிட்டு, கடைசியில் ரயில் நிலையத்தில் நின்றபடியே 500 யென் மெஷின் சோபாவைச் சாப்பிட்டுத் திரும்பும்போது வரும் எரிச்சல் இருக்கிறதே, அதைத் தனியாக வேறு விழுங்க வேண்டும். அனுபவித்தவன் சொல்கிறேன்.

மாவு ஏன் தீர்கிறது என்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சோபா பக்வீட் மாவில் செய்வது. வட இந்தியாவில் விரத நாளில் குட்டு ஆட்டா என்று பூரி சுடுவார்களே, அதேதான். கோதுமையோடு எந்த உறவும் இல்லாத செடி. மாவில் குளூட்டன் கிடையாது, அதனால் இழுத்தால் நீளாது, உடையும். இதைச் சமாளிக்க எட்டுப் பங்கு பக்வீட்டுக்கு இரண்டு பங்கு கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம். இந்தக் கலவைக்கு நிஹாச்சி என்று பெயர். அகலமான மரத்தாம்பாளத்தில் மாவைக் கொட்டி, மாவின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீரை எடுத்து, இரண்டு மூன்று தவணையாகத் தெளித்து, விரல் நுனியால் மட்டும் சுழற்றிச் சுழற்றிக் கலப்பார்கள். மாவு முழுக்க ஈரம் சமமாகப் பரவினால்தான் பிறகு நூல் அறுபடாது. மழை நாளில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் குறையும், வறண்ட குளிர்காலத்தில் கூடும். பிறகு உருட்டி, கட்டையால் தேய்த்து, மடித்து, பலகையை அணைவாக வைத்துக் கனமான கத்தியால் ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டுவார்கள். இத்தனைக்கும் கை தேர்ந்தவருக்கே முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோ மாவு என்று வைத்தால் பதினைந்து பேருக்குத்தான் வரும். காலையில் நான்கு தடவை செய்தால் அறுபது தட்டு, அவ்வளவுதான். வெட்டிய நூல் அடுத்த நாள் வரை நிற்காது, வாசனை போய்விடும். அதனால் எந்தக் கடைக்காரரும் கூடுதலாகச் செய்து வைப்பதில்லை. தீர்ந்ததும் வாசலில் தொங்கும் துணித்திரையை உள்ளே எடுத்துவிடுவார்கள். இணையத்தில் மூன்று மணி வரை திறந்திருக்கும் என்று போட்டிருந்தாலும், விடுமுறை நாளில் ஒன்றரை மணிக்கே திரை உள்ளே போயிருக்கும்.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் கவனம் தேவை. கையால் செய்வதற்கு தெவுச்சி என்று பெயர். அதோடு இன்னோர் எழுத்து சேர்த்து தெவுச்சி-ஃபூ என்று எழுதியிருந்தால், கையால் செய்த மாதிரி இருக்கும் மெஷின் நூடுல்ஸ் என்று பொருள். அந்த எழுத்து கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும், வேகமாகப் பார்த்தால் தெரியாது. இரண்டு சொல்லையும் முன்னாலேயே ஜப்பானிய எழுத்தில் போனில் சேமித்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். கிசோபா என்று அழகான பழைய எழுத்தில் திரையில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு காலத்தில் கலப்படமில்லாதது என்று பொருள் கொடுத்த சொல், இன்றைக்கு எந்தச் சாதாரணக் கடையும் போட்டுக்கொள்கிறது. பாக்கெட்டில் விற்கும் நூடுல்ஸில் 30 சதவீதம் பக்வீட் இருந்தாலே சோபா என்று பெயர் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். நம்பகமான அடையாளம் இரண்டு. ஒன்று, வாசல் பக்கமோ உள்ளேயோ கண்ணாடி அடைத்த சின்ன அறையில் தாம்பாளமும் நீளமான தேய்க்கும் கட்டைகளும் இருக்கும். இன்னொன்று, மாவு எந்த ஊர் பக்வீட், எத்தனை சதவீதம் என்று மெனுவில் எழுதியிருப்பார்கள்.

சதவீதம் என்றதும் நூறு சதவீதம்தான் உயர்ந்தது என்று பலரும் ஜூவாரி என்கிற முழு பக்வீட் சோபாவுக்கே போகிறார்கள். என் கருத்து வேறு. ஜூவாரியில் வாசனை தூக்கலாக இருக்கும், ஆனால் சொரசொரப்பாக, குட்டைக் குட்டையாக உடையும். கை கொஞ்சம் தவறினாலும் மண் மாதிரி ஆகிவிடும். விலையும் 200, 300 யென் கூடுதல். முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் நிஹாச்சியே வாங்குங்கள். வழுவழுவென்று தொண்டையில் இறங்கும் சுகம் அதில்தான் உண்டு. இரண்டையும் பாதிப் பாதியாகத் தரும் கடைகள் உண்டு, அது கிடைத்தால் இன்னும் நல்லது.

இனி தோகாகுஷி. நாகானோ நகரத்துக்கு மேலே சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோயில் ஊர். ஜப்பானின் மூன்று பெரிய சோபாக்களில் ஒன்று என்று இதைச் சொல்வார்கள். டோக்கியோவில் காலை ஒன்பது மணி ரயில் பிடித்தால் பத்தரைக்கு நாகானோ. அங்கே இறங்கியதும் பஸ் நிற்கும் என்று நினைப்போம். பஸ் ஏறக்குறைய மணிக்கு ஒன்றுதான்; ஒன்றைத் தவறவிட்டால் அங்கேயே ஒரு மணி நேரம் போச்சு. மலைப் பாதையில் இன்னும் ஒரு மணி நேரம். நடுக்கோயிலான சூஷா நிறுத்தத்தில் இறங்கும்போது பன்னிரண்டரை. இலையுதிர்கால ஞாயிற்றுக்கிழமை என்றால் அதற்குள் கடை வாசலில் ஐம்பது பேர் இருப்பார்கள். வரிசையில் நின்றால் போதும் என்று நினைத்து நிற்பதுதான் வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். வாசலில் ஒரு தாள் இருக்கும், அல்லது எண் சீட்டுத் தரும் இயந்திரம். தாளில் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் எழுத வேண்டும். எழுதாமல் நாற்பது நிமிஷம் நின்றாலும் யாரும் கூப்பிடமாட்டார்கள், யாரும் வந்து சொல்லவும் மாட்டார்கள். மரியாதையான ஊர்தான், ஆனால் கேட்காமல் சொல்கிற ஊர் இல்லை. பெயர் எழுதி முடிக்கும்போது உள்ளேயிருந்து ஓர் அம்மா வந்து, இத்தோடு மாவு முடிந்தது என்று தாளின் அடியில் கோடு போட்டுவிட்டுக் கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டுவார். அந்தக் கோட்டுக்கு ஒரு வரி கீழே நம் பெயர் இருந்தால் அழுகையா கோபமா என்று தெரியாத ஒன்று வரும்.

இதற்கு வழி ஒன்றும் சிரமமில்லை. முந்தின இரவே நாகானோவில் தங்கிவிடுங்கள்; ஓட்டல் அறைக்கு ஆகும் செலவு, இன்னொரு தடவை ரயிலுக்குக் கொடுப்பதை விடக் குறைவு. காலையில் முதல் பஸ்களில் ஒன்றைப் பிடித்து, சூஷாவில் இறங்கி, முதல் வேலையாகக் கடைத் தாளில் பெயரை எழுதுங்கள் அல்லது சீட்டை வாங்குங்கள். உசுராயா மாதிரிப் பெயர்பெற்ற கடையில் திறப்பதற்கு வெகு முன்பே ஆட்கள் வந்துவிடுவார்கள். எழுதிவிட்டுக் கோயிலைப் பார்த்து வரலாம், ஆனால் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள், அதனால் சுற்றுவட்டாரத்திலேயே இருங்கள். 400 வருஷத்துக்கு மேலான தேவதாரு மரங்கள் வரிசையாக நிற்கும் உள்கோயில் பாதை போக மட்டுமே இரண்டு கிலோமீட்டர். அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடையில் கூட்டம் என்றால் பக்கத்துக் கடைக்குத் தைரியமாகப் போகலாம், தோகாகுஷியில் சோபா செய்யத் தெரியாத கடை என்று ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். வார நாள் என்றால் இந்தப் பாடு பாதியாகக் குறையும்.

இங்கே சோபா வருகிற விதமே தனி. ஒரே கட்டையால் வட்டமாகத் தேய்த்து வெட்டியது. வெந்ததும் குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஒரு கைப்பிடியாக அள்ளி, குதிரைலாடம் மாதிரி வளைத்து, வட்ட மூங்கில் தட்டில் ஐந்து ஆறு பிடியாக வரிசையாக வைப்பார்கள். தண்ணீரை முழுக்க வடிப்பதில்லை. தட்டும் அந்த மலையில் வளரும் மெல்லிய மூங்கிலில் பின்னியது. ஒரு பிடியை அப்படியே ஒரு வாய்க்கு எடுக்கலாம் என்பதால் சிக்கல் விழாது.

சாப்பிடுவதில் நேரம்தான் முக்கியம். ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக வெந்த நூல், தட்டுக்கு வந்த பத்து நிமிஷத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, முனை காய்ந்து, வாசனையை இழந்துவிடும். போட்டோ எடுப்பதென்றால் இரண்டு எடுங்கள், போதும். குளிர்ந்த சோபாவையே வாங்குங்கள். சூடான குழம்பில் போட்டால் கைவேலையின் முறுக்கு தெரியாது. குளிர்ந்ததை மோரி அல்லது செய்ரோ என்பார்கள், மேலே கடல்பாசி தூவினால் ஸாரு. முதல் வாய் எதையும் தொடாமல் நூலை மட்டும். பிறகு கிண்ணத்தில் இருக்கும் த்சுயு என்ற தொட்டுக்கொள்ளும் சாற்றில் நூலின் கீழ் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தொட்டு, சத்தமாக உறிஞ்ச வேண்டும். சத்தம் போட வெட்கப்பட வேண்டாம், அங்கே அதுதான் முறை. வாசனை மூக்குக்கு ஏறுவதும் அப்போதுதான். வசாபியை த்சுயுவில் கரைக்காமல் நூலின் மேல் துளி வைத்துக்கொண்டால் காரம் நிற்கும். கடைசியில் ஒரு சின்னக் கெட்டிலில் சோபா வெந்த தண்ணீர் வரும். நம் வடிகஞ்சி போலக் கலங்கலாக இருக்கும். மீதமிருக்கும் த்சுயுவில் ஊற்றிக் குடிக்க வேண்டும். வரவில்லையென்றால் "சோபாயு ஒநெகாய்ஷிமாஸ்" என்று கேளுங்கள். அதற்குக் காசு இல்லை. அளவு குறைவு என்று பலர் குறைபடுவார்கள். உண்மைதான், நகரத்துப் பழைய கடைகளில் ஒரு தட்டு நம் பசிக்குக் காணாது. ஓமோரி என்று சொன்னால் பெரிய தட்டு, அல்லது இரண்டு தட்டாக வாங்குவது. இரண்டாவதை முதல் தட்டு முடியும்போது கொண்டுவரச் சொல்லுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு உண்மையான சிக்கல் சைவம். நூலில் மாவும் தண்ணீரும்தான், உப்புகூட இல்லை. ஆனால் த்சுயு என்பது சோயா சாஸ், சர்க்கரை, மிரின் என்ற இனிப்புச் சமையல் மது ஆகியவற்றோடு காய்ந்த மீனைச் சீவிக் கொதிக்கவைத்த தாஷி சேர்ந்தது. குளிர்ந்தது, சூடானது எல்லாவற்றுக்கும் இதே அடிப்படை. மலைக்காய்கறிகள் போட்ட சன்சாய் சோபா படத்தில் முழுச் சைவமாகத் தெரியும், குழம்பு மீன். கிட்சுனே சோபாவின் மேலே இருக்கும் டோஃபுவும் பெரும்பாலும் அதே சாற்றில் வெந்தது. தோரோரோ எனும் அரைத்த கிழங்கிலும் தாஷி கலப்பார்கள். காய்கறி டெம்புரா என்றால் மாவில் முட்டை இருக்கலாம், எண்ணெய் இறால் பொரித்தது. "மீன் இல்லாமல் செய்து தர முடியுமா" என்று கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. சாறு முன்பே தயாரித்து வைத்தது, உங்களுக்காக மாற்ற முடியாது. முடியாது என்பதை நேராகச் சொல்லவும் சங்கடப்படுவார்கள்.

இதற்குச் சிறந்த வழி உப்பு. நல்ல சோபாக் கடைகளில், குறிப்பாக ஜூவாரி தரும் இடங்களில், உப்பு தொட்டுச் சாப்பிடுவதை மரியாதையாகவே பார்ப்பார்கள். "ஷியோ தெ தபெத்தெ மோ ஈ தெஸ் கா?" என்று கேளுங்கள், உப்பில் சாப்பிடலாமா என்று பொருள். செய்ரோவும் உப்பும் வசாபியும் அரைத்த முள்ளங்கியும் இருந்தால் சைவக்காரருக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் நூலின் வாசனை தெரிவது இப்படித்தான். சின்ன பாட்டிலில் சோயா சாஸ் கொண்டுபோகிறவர்கள் அதை மேஜையில் எடுத்து வைக்கும் முன் காட்டிக் கேட்டுவிடுங்கள். மேஜையில் இருக்கும் சோயா சாஸை நம்பாதீர்கள், தாஷி கலந்ததாக இருக்கலாம். சோபாகாகி என்று பக்வீட் மாவை வெந்நீரில் கிளறிய உருண்டை கிடைத்தால் அதுவும் உப்போடு சாப்பிடலாம். நாகானோ மாநிலத்துத் தகாதோவில் முள்ளங்கிச் சாற்றில் மிசோ என்ற சோயா விழுதைச் சுட்டுக் கரைத்துத் தொட்டுக்கொள்ளும் பழைய முறை உண்டு. மீன் சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மதுவைத் தவிர்க்கும் முஸ்லிம் நண்பர்களுக்கும் இதே உப்பு வழிதான், மிரினில் ஆல்கஹால் உண்டு.

சைவத்தை விடப் பெரிய எச்சரிக்கை ஒன்று. பக்வீட் ஒவ்வாமை கடுமையானது, உயிருக்கே ஆபத்தாகலாம். பாக்கெட் உணவில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய பொருள்களில் சோபாவை ஜப்பான் அரசு வைத்திருப்பது அதனால்தான். உணவகங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் பக்வீட்டை வாயில் வைத்ததே இருக்காது. குழந்தைகளுக்கும், ஆஸ்துமாவோ வேறு ஒவ்வாமையோ உள்ளவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் மலையுச்சியில் வைத்து முதல் தட்டைக் கொடுக்காதீர்கள். உதடு அரிப்பு, தடிப்பு, மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸுக்கு 119-ஐ அழைக்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவர் உடோன் என்ற கோதுமை நூடுல்ஸ் வாங்கினாலும் பாதுகாப்பில்லை, பல கடைகளில் இரண்டும் ஒரே பானைத் தண்ணீரில் வேகும். விடுதித் தலையணையில் பக்வீட் உமி அடைத்திருக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. குளூட்டன் ஆகாதவர்களும் ஜூவாரி என்ற பெயரை மட்டும் நம்பக் கூடாது, பானையும் பலகையும் பொதுதான்.

மலைக்கெல்லாம் போக நேரமில்லை என்றால் டோக்கியோவிலேயே கான்டா பகுதி போதும். 1884-இல் தொடங்கிய கான்டா மட்சுயாவில் கையால்தான் செய்கிறார்கள். கட்டடம் 1925-இல் எழுந்தது, மேஜையில் அறிமுகமில்லாதவரோடு சேர்ந்து உட்கார வேண்டும். இரண்டு நிமிஷ நடையில் கான்டா யாபு சோபா. 1880-இல் தொடங்கியது, 2013-இல் தீப்பிடித்து 2014-இல் மறுபடி திறந்தது. ஆர்டரைப் பாட்டாக இழுத்துச் சமையலறைக்குச் சொல்லும் குரலைக் கேட்கவே போகலாம்; த்சுயு உப்புக் கரிக்கும், கொஞ்சமாகத் தொடுங்கள். தானியத்தின் நடுப்பகுதி மாவில் செய்யும் வெள்ளை சோபா வேண்டுமென்றால் அசாபு-ஜூபானில் சரஷினா ஹோரீ. வாசனையை விட வழுவழுப்புக்காகச் சாப்பிடுவது அது, எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. இடமும் காட்சியும் வேண்டும் என்கிறவர்களுக்கு நகரத்தின் மேற்கே ஜிந்தாய்ஜி கோயில். சோஃபு நிலையத்திலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம், கோயிலைச் சுற்றிச் சோபாக் கடைகள். எல்லாம் கைவேலை என்று நினைக்காமல் கண்ணாடி அறையைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். இந்த இடங்களில் ஒரு தட்டு சுமார் 1,000 முதல் 1,500 யென், டெம்புராவோடு 2,000-ஐத் தாண்டும்.

நேரம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஜப்பானின் மேற்கே இருக்கும் இசுமோ. 1638-இல் ஷினானோ பகுதியின் மட்சுமோதோவிலிருந்து இசுமோ பக்கத்து மட்சுயேவுக்கு மாற்றப்பட்ட பிரபு மட்சுதைரா நவோமாசா சோபாக்காரர்களையும் கூட்டிவந்ததாகச் சொல்வார்கள். உமியோடு சேர்த்து அரைப்பதால் கறுப்பாக, வாசனை கனமாக இருக்கும். வரிகோ என்று மூன்று வட்ட அரக்குப் பெட்டிகள் அடுக்காக வரும். இங்கே தொட்டுச் சாப்பிடக் கூடாது. முதல் பெட்டியில் த்சுயுவை ஊற்றிச் சாப்பிட்டு, மீந்ததை அடுத்த பெட்டியில் சாய்க்க வேண்டும். உப்பு வழிக்காரர்கள் ஊற்ற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டோக்கியோவிலிருந்து இரவில் கிளம்பும் சன்ரைஸ் இசுமோ ரயில் காலை பத்து மணி வாக்கில் இசுமோ நகரத்தில் விடும். பஸ் பிடித்தால் கடை திறக்கும் நேரத்துக்குப் பெருங்கோயில் வாசலில் இருக்கலாம். நீகாட்டாவின் ஓஜியா, தோகாமாச்சி பக்கம் கோதுமைக்குப் பதில் ஃபுனோரி என்ற கடல்பாசியைப் பிசைந்து சேர்ப்பார்கள், பல்லுக்கு நல்ல முறுக்கு. இவாத்தேயின் வான்கோ சோபா சின்னக் கிண்ணங்களை எண்ணிச் சாப்பிடும் விளையாட்டு. பதினைந்து கிண்ணம் ஒரு சாதாரணத் தட்டுக்குச் சமம், நூலின் ருசி பார்க்கிற இடம் அதுவல்ல.

மாதம் பார்த்துப் போனால் அக்டோபர், நவம்பர். புது அறுவடை மாவு வந்ததும் வாசலில் ஷின்சோபா என்று தாள் ஒட்டுவார்கள், நூலில் லேசான பச்சை தெரியும். கூட்டமும் அப்போதுதான் அதிகம். அரசு விடுமுறை திங்களன்று வந்தால், வழக்கமாகத் திங்கள் மூடும் கடைகள் பெரும்பாலும் செவ்வாயன்று மூடும், இதைக் கவனிக்காமல் போய் ஏமாறுபவர்கள் ஏராளம். சிறு கடைகளில் கார்டு செல்லாது, ஆளுக்கு 3,000 யென் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மலை ஊரில் ஏடிஎம் தேடி அலைய முடியாது. டிசம்பர் 31 அன்று ஜப்பான் முழுக்கச் சோபா சாப்பிடும், அன்றைக்குப் பல கடைகளில் மெனு சுருங்கிப் பார்சலும் வரிசையும்தான். அதன்பின் புத்தாண்டு முதல் மூன்று நாள் நிறையக் கடைகள் பூட்டிக் கிடக்கும்.